வீட்டுப் பாடமாக நம் கடல்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கடலை வைத்துப் பாடம் சொல்லித்தர நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கடைகளில் கிடைக்கும் பயிற்சித் தாள்களில் பெரும்பாலும் டால்பினும் பெங்குவினும்தான் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கடற்புல் மேயும் கடற்பசுவும் நம் பிள்ளைகளுக்கு எப்போது அறிமுகமாகும்?

வீட்டிலேயே கடலைப் பாடமாக்கச் செலவே இல்லை. மீன் வாங்கி வந்ததும் நெத்திலி, சாளை, வாளை எனப் பெயர் சொல்லி, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொல்லலாம். நண்டின் கொடுக்குகளையும் சேர்த்து எண்ணினால் பத்துக் கால்கள். எண் பாடம் முடிந்தது. நல்ல தண்ணீரில் மூழ்கும் முட்டை, உப்பை நிறையக் கரைத்ததும் மிதக்கும். அதே உப்புநீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால், தண்ணீர் வற்றி உப்பு படியும். தூத்துக்குடி உப்பளங்களில் நடப்பதும் இதுதான் என்று சொன்னால் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். தண்ணீர் விளையாட்டின்போது பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். கடற்கரையில் சிப்பி, சங்குகளைப் பார்த்து ரசித்துவிட்டு அங்கேயே விட்டுவரப் பழக்க வேண்டும். வெற்றுச் சங்கும் துறவி நண்டுக்கு வீடு.

தங்கள் இதழின் சிறுவர் பகுதியில் மாதம் ஒரு கடல்வாழ் உயிரினத்தைப் படத்துடன், அதன் தமிழ்ப் பெயருடன் வெளியிட வேண்டுகிறேன். வீட்டில் கற்பிக்கும் எங்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
தூத்துக்குடி.