புகையும் நெருப்பும்

வியன்னா நகரத்துப் பிரபல ரண வைத்தியர் தியோடர் பில்ரோத், 1881-ம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி ஓர் அரிய காரியத்தைச் செய்து முடித்தார். 43 வயதுள்ள ஒரு மாதின் இரைப்பையில் புற்று வைத்திருந்த பாகத்தை அறுத்தெடுத்து, மிஞ்சிய இரைப்பையைக் குடலுடன் சேர்த்துத் தைத்தார். அதற்கு முன் 1879-ல் பெயான் என்பவரும் 1880-ல் ருடிகியர் என்பவரும் இதே சிகிச்சையைச் செய்து பார்த்ததுண்டு, நோயாளிகள் பிழைக்கவில்லை. பில்ரோத்தின் நோயாளியோ எழுந்து நடமாடினாள். வைத்திய உலகம் வியந்தது. ஆனால் ஏறக்குறைய நான்கு மாதத்தில் புற்று மீண்டும் தலைதூக்கி அவள் உயிரைக் கொண்டுபோயிற்று.

ரண சிகிச்சை இன்று எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆயினும் அந்த 'மீண்டும்' என்னும் சொல் நம்மை விட்டபாடில்லை. திரும்பி வரும் இரைப்பைப் புற்றுநோயில் பெரும்பாலானவை முதல் இரண்டு மூன்று வருஷங்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. ஈரலிலும், நிணநீர்க் கழலைகளிலும், வயிற்றின் உட்சவ்விலும் விதைபோல் கிடந்து முளைக்கின்றன. ஸ்கேன் படத்துக்கும் புலப்படாத அவ்விதைகளை முன்கூட்டி அறிய மார்க்கம் உண்டா?

உண்டு என்று ஓரளவு சொல்லலாம். 1965-ல் கானடா தேசத்து மாண்ட்ரியல் நகரில் பில் கோல்டு, சாமுவேல் பிரீட்மன் என்ற இருவர், கருவிலுள்ள சிசுவின் குடலிலும் பெருங்குடற் புற்றிலும் பொதுவாகக் காணப்படும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தனர். 'ஸி.இ.ஏ.' என்பது அதன் சுருக்கப் பெயர். பின்னர் 'ஸி.ஏ. 19-9', 'ஸி.ஏ. 72-4' முதலியவை வந்து சேர்ந்தன. ஸி.இ.ஏ. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 நானோகிராமுக்குள்ளும், ஸி.ஏ. 19-9 37 யூனிட்டுக்குள்ளும் இருப்பது சாதாரண நிலை எனக் கொள்வர்.

ரண சிகிச்சைக்கு முன்பே இவை மிகுந்திருந்தால், நோய் திரும்பும் அபாயம் அதிகம். சிகிச்சை முடிந்து சில வாரங்களில் தணியவேண்டியது தணியாவிடில், எங்கோ மிச்சம் உள்ளதென்று சந்தேகிக்க வேண்டும். தணிந்தது மறுபடி படிப்படியாக ஏறினால், நோய் திரும்புகிறதென்று அஞ்ச இடமுண்டு. படத்தில் கட்டி தென்படுவதற்குச் சில மாதங்கள் முன்னரே இவ்வேற்றம் காணப்படுவதும் உண்டு.

நமது தர்க்க சாஸ்திரிகள் மலையிலே புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பார்கள். மூடுபனியைப் புகையென்று மயங்கினால் அனுமானம் தவறும் என்றும் எச்சரிப்பார்கள். அவ்வெச்சரிக்கை இங்கும் பொருந்தும். புகை பிடிப்போருக்குப் புற்று இல்லாமலே ஸி.இ.ஏ. சற்று உயர்ந்திருக்கும். பித்த நாளம் அடைபட்டால் ஸி.ஏ. 19-9 ஏறும்.

பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகையின்றியே நெருப்புண்டு என்பதும் அவர்கள் காட்டும் உதாரணமே. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை, பிறவியிலேயே ஸி.ஏ. 19-9-ஐ உண்டாக்கும் சக்தி இல்லாதவர்கள். அவர்களுக்கு நோய் முற்றினாலும் இந்தக் கணக்கு ஏறாது. ஆரம்ப நிலைப் புற்றில் பலருக்கு எல்லாமே சாதாரணமாக இருக்கும். ஆகையால் நோய் உண்டா இல்லையா என்று முதலில் கண்டறிய இவை உதவா. ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துப் பார்ப்பதும், ஒரு நாளைய எண்ணை விட்டுப் பல மாதங்களின் போக்கைக் கவனிப்பதும் இதனால்தான்.

இனிக் கடினமான கேள்வி. முன்கூட்டி அறிந்து பயன் என்ன? அறிகுறி தோன்றுமுன்பே கண்டுபிடித்தவர்கள் அதனாலேயே நெடுங்காலம் வாழ்ந்தார்கள் என்பது இன்னும் ஐயமற நிரூபிக்கப்படவில்லை. மருந்து தாங்கும் வலிவு உடலில் இருக்கும்போதே சிகிச்சை தொடங்கலாம் என்பது வைத்தியர்களின் நம்பிக்கை, அது நியாயமானதே. ஆனால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் முந்தின இரவு தூக்கமின்றிக் கழிக்கும் நோயாளியின் வேதனையும் கணக்கில் சேரவேண்டியதே. எண்ணை அறிந்தபின் என்ன செய்வதென்று வைத்தியரோடு முன்னமே பேசி முடிவு செய்துகொண்டவர்களுக்கே அந்த எண் உதவும்.

இது அந்நிய நாட்டு விஷயமன்று. சென்னையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்று முன்வரிசையில் நிற்பதைப் பதிவேடுகள் பல்லாண்டுகளாகக் காட்டிவருகின்றன. ஆகவே, ரண சிகிச்சை செய்துகொண்டவர் வீட்டிலுள்ளோர்க்கு ஒரு வார்த்தை. பரிசோதனைக் காகிதங்கள் அனைத்தையும் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். கூடியவரை ஒரே பரிசோதனைச் சாலையில் செய்யுங்கள். முறை மாறினால் எண்ணும் மாறும். காகிதத்தைக் கண்டு நீங்களே தீர்ப்புக் கூறாதீர்கள். உடல் இளைப்பு, பசியின்மை, வயிற்று வலி இவை தோன்றினால், எண் எப்படியிருந்தாலும் வைத்தியரிடம் உடனே செல்லுங்கள்.