பூதத்தின் குரல்

“நாடகத்தைப் பார்த்தாயிற்று, இனி நாவலை ஏன் படிக்க வேண்டும்?” என்று மாணவர்கள் சிலர் கேட்பதுண்டு. இக்கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவல் என் எண்ணத்தை மாற்றியது.

ஈப்போவில் ஒரு பள்ளி மண்டபத்தில் அக்கதையை நாடகமாகத்தான் முதலில் பார்த்தேன். விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் இளைஞன், பிண உறுப்புகளை இணைத்து ஓர் உருவத்துக்கு உயிர் கொடுக்கிறான். அந்தப் பூதம் மேடையில் உறுமியது. ஒரு சொல்லும் பேசவில்லை. எங்கள் தோட்டத்துத் திருவிழா மேடையில் இரணியன்கூட விடிய விடிய வசனம் பேசுவானே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இது அந்தப் பள்ளியின் குறையன்று. நாவல் வெளிவந்தது 1818இல். 1823இல் இலண்டனில் அது நாடகமானபோதே பூதம் ஊமையாகிவிட்டது. 1931இல் வந்த புகழ்பெற்ற திரைப்படத்திலும் அது உறுமியது. பிராங்கன்ஸ்டைன் என்பதே பூதத்தின் பெயர் என்று பலர் இன்றும் நினைக்கின்றனர். உண்மையில் அதற்குப் பெயரே இல்லை.

நாவலிலோ, பூதம் ஆறு அத்தியாயங்களுக்குத் தன் கதையைத் தானே சொல்கிறது! ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் அது ஒளிந்திருக்கிறது. சுவர் இடுக்கு வழியே அவ்வீட்டாரின் பேச்சைக் கேட்டு மொழி கற்கிறது. பிறகு மில்டனையும் படிக்கிறது. பலகைச் சுவர் கொண்ட லயத்து வீட்டில் வளர்ந்தவன் நான். பக்கத்து வீட்டுப் பாட்டி தம் பேரனுக்குச் சொன்ன கதைகளைச் சுவரில் காதை வைத்துத்தான் கேட்டேன். அதனால் அந்தப் பகுதியை என்னால் வேகமாகப் படிக்க முடியவில்லை.

மேடை நமக்கு முதலில் முகத்தைக் காட்டுகிறது, நாமும் பயந்துவிடுகிறோம். 2011இல் இலண்டனில் மேடையேறிய நாடகத்தில் பூதம் நன்றாகவே பேசியது. ஆயினும், அங்கும் கண்தான் முந்திக்கொள்ளும். படிக்கும்போது குரல் மட்டுமே நம்மிடம் வருகிறது. முகம் மெல்ல மறந்துபோகிறது. நாடகத்தை முதலில் பார்த்ததில் எனக்கு நட்டமில்லை. ஊமை என்று நம்பியிருந்ததால்தான் அது பேசத் தொடங்கியதும் திடுக்கிட்டேன்.

அந்தக் குடிசையில் பார்வையற்ற முதியவர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அவர் தனித்திருக்கும்போது பூதம் கதவைத் தட்டுகிறது. முகம் தெரியாததால், அவர் அதனிடம் அன்பாகப் பேசுகிறார். பூதம் அவர் கையைப் பற்றிக்கொள்கிறது. அப்போது வெளியே சென்றிருந்த பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள்.