ஒத்திகைத் துயரம்

மனநல ஆலோசகர்களைப் பயிற்றுவிக்க இனி எதிரே ஒரு மனிதன் உட்கார வேண்டியதில்லையாம். யந்திரம் துயரப்படும், மாணவன் ஆறுதல் சொல்லிப் பழகிக்கொள்ளலாம். அமெரிக்காவில் இளைஞர் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் ட்ரெவர் பிராஜெக்ட், 2021-ல் 'ரைலி' என்ற பதின்வயதுப் பாத்திரத்தைச் செயற்கை அறிவால் உருவாக்கித் தன் தொண்டர்களுக்குப் பயிற்சி தர ஆரம்பித்தது.

இதற்குச் சொல்லப்படும் நியாயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. சாகத் துணிந்தவனிடம் கற்றுக்குட்டியை அனுப்புவது குரூரம்தான். ஆனால் இந்த இரண்டைத் தவிர வேறு வழியில்லை என்று யார் சொன்னது? 1963-லேயே லாஸ் ஏஞ்சல்ஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஆளைத் தயார்செய்து மாணவர்கள்முன் உட்காரவைத்தார். அந்த முறையின் உயிர் நடிப்பு முடிந்த பிறகுதான் தெரிகிறது. வேஷத்தைக் கலைத்துவிட்டு நடித்தவர் சொல்லலாம்: "நீ கடிகாரத்தைப் பார்த்தாய். அதற்குமேல் எனக்குப் பேசத் தோன்றவில்லை." நடிகரும் சாகப் போவதில்லைதான். ஆனால் அவரை அலுப்படையச் செய்ய முடியும், புண்படுத்த முடியும். யந்திரமும் இதே வாக்கியத்தைச் சொல்லும். அங்கே புண்பட யாரும் இல்லை என்பது மாணவனுக்கும் தெரியும்.

அசல் போலவே பேசுகிறதே என்பார்கள். இந்தப் 'போல'வோடுதான் என் சண்டை. 1972-ல் ஸ்டான்ஃபோர்டில் கென்னத் கோல்பி, 'பாரி' என்ற சந்தேக நோயாளியைக் கம்ப்யூட்டர் புரோகிராமாக எழுதினார். உரையாடல் பிரதிகளைப் படித்த மனநல மருத்துவர்களால் நோயாளி எது, யந்திரம் எது என்று பிரிக்க முடியவில்லை. யந்திரத்தின் சாதனையாக இது சொல்லப்படுகிறது. வார்த்தை மட்டும் மிஞ்சினால் நிபுணனும் ஏமாறுவான் என்பதற்குச் சாட்சியாகவே எனக்குப் படுகிறது.

இலக்கியப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். துயரம் தயாரிக்கும் வித்தை நமக்குத் தெரியாததா? நம் கவிதைகளில் எத்தனையோவற்றில் தனிமை, இருள், ஜன்னல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்; ஆள் இருக்கமாட்டான். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஒருவருக்கொருவர் பாராட்டியும் இருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் நம் காது என்ன ஆயிற்று என்பதை நாம் அறிவோம்.

எந்தக் கேள்வியை எப்போது கேட்பது, எதைச் சொல்லக் கூடாது என்பதை யந்திரத்திடம் பழகட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. அதை வைத்து மட்டும் சர்டிபிகேட் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் ஒரு முறையாவது, எழுந்து போய்விடக்கூடிய ஒரு மனிதர் எதிரே அவனை உட்காரவையுங்கள்.