வண்டு மாத்திரையைக் கடைக்குள் வைக்கலாமா?



அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் உடம்புக்குக் கெடுதலா என்று பெண்கள் நம் கடையில் நின்று கேட்கிறார்கள். புளியும் உப்பும் அந்தப் பாத்திரத்தை அரிக்கும், அதில் ஊறப்போட வேண்டாம் என்று நாமும் சொல்லி அனுப்புகிறோம். ஆனால் அலுமினியத்தின் பெயரைத் தாங்கிய கொடிய விஷம் ஒன்று நம் மூட்டைகளுக்கு இடையிலேயே கிடக்கிறது. அதுதான் வண்டு மாத்திரை என்கிற அலுமினியம் பாஸ்பைடு.

இதில் உயிரைக் குடிப்பது அலுமினியம் அல்ல. காற்றின் ஈரம் பட்டதும் கிளம்பும் பாஸ்பீன் என்ற வாயு. 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயுவைக் கக்கும். இதயத்தைத் தாக்கும். மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. பூண்டு நாற்றம் வரும் என்பார்கள். நாற்றம் இல்லையே என்று நம்பிவிடவும் கூடாது.

பெரிய கிடங்குகளில் மூட்டை அடுக்கின்மேல் வாயு புகாத உறை போர்த்தி, ஓரங்களை மணல் பைகளால் அழுத்தி, நாள்கணக்கில் ஆளை உள்ளே விடுவதில்லை. வில்லியனூர், பாகூர் பக்கம் நம் கடைகள் அப்படியா? முன்கட்டில் கடை, நடுவில் மூட்டை, பின்கட்டில் குடும்பம். மாத்திரையைத் துணியில் முடிந்து செருகிவிட்டு ஷட்டரை இறக்கினால், பிள்ளைகள் தூங்கும் பக்கம்தானே வாயு போகும்? (செம்புக் கம்பியையும் இது அரிக்கும். எலக்ட்ரானிக் தராசு அடிக்கடி கெடுகிறது என்று புலம்புவோர் இதையும் யோசிக்கலாம்.)

10, 20 மாத்திரை கொண்ட குழல் டப்பாக்களை மத்திய அரசு 2001-லேயே தடை செய்துவிட்டது. அரசுத் துறைகளும் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தாரும் மட்டுமே, அதுவும் நிபுணர் மேற்பார்வையில், இதைக் கையாளலாம். அப்படியிருக்க, சில்லறைக் கடைக்காரர் கேட்டார் என்று அரிசி மூட்டையோடு நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் வழக்கம் எதற்கு? மொத்த வியாபாரிகள் நாம் இதை அறவே நிறுத்த வேண்டும். வண்டு விழுந்த மூட்டையை மறுபேச்சின்றி மாற்றித் தர வேண்டியதும் நாமே. நஷ்டம்தான், தாங்கக்கூடிய நஷ்டம்.

சில்லறைக் கடைக்காரர்களும் விலை ஏறும் என்று மழைக்காலத்தில் அடுக்கிவைக்க வேண்டாம். பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பழைய சரக்கை முதலில் தள்ளுங்கள். பருப்பை வெயிலில் காயவைத்துச் சலித்தாலே பாதித் தொல்லை தீரும். மாத்திரை போட்ட இடத்தில் எவருக்காவது தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் கண்டால் உடனே வெளியே கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வண்டு மாத்திரை என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

குடியிருப்பில்லாத தனிக் கிடங்கு உள்ளவர்களுக்காக, லைசென்ஸ் பெற்ற நிறுவனம் ஒன்றைச் சங்கமே கொம்யூன்வாரியாக அமர்த்தி, செலவைப் பங்கிடலாம். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்று கமிட்டியார் அதற்குள் விசாரித்து வைத்தால் நல்லது.