கேப்டன் வீட்டுக்குப் போன எபிசோட்

போன வாரம் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு லிஸ்ட் அனுப்பினான். ‘‘மாமா, ஸ்டார் ட்ரெக் பார்க்க ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். மொத்தமும் பார்க்க டைம் இல்ல. நெட்ல எல்லாரும் சூப்பர்னு சொல்ற 10 எபிசோட் எடுத்து வெச்சிருக்கேன். போதும்ல?’’

அவனைக் குறை சொல்ல முடியாது. 1966-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த தொடர். கிளைத் தொடர்கள், அனிமேஷன் எல்லாம் சேர்த்தால் 800 எபிசோடுகளைத் தாண்டும். அத்தனையும் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவேன் என்றால், அக்கா என்னைத்தான் திட்டுவாள்.

லிஸ்ட்டைத் திறந்தேன். எதிர்பார்த்ததுதான். 1967-ல் வந்த ‘தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்’ இருந்தது. பஞ்சு உருண்டை மாதிரியான குட்டிப் பிராணிகள், சாப்பிடச் சாப்பிடப் பெருகிக் கப்பலையே நிரப்பிவிடும். தானியக் கிடங்கைத் திறந்தால் கேப்டன் கிர்க் தலையில் அவை கொட்டோ கொட்டென்று கொட்டும். குழந்தைகளோடு உட்கார்ந்து சிரிக்கலாம். நல்ல சாயங்கால டிபன். அதைப் போய் கல்யாண விருந்து என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான் என் வருத்தம்.

லிஸ்ட்டில் முதலிடம் ‘தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்’. இங்கேதான் எனக்கு உண்மையான சண்டை.

இது 1987 முதல் 1994 வரை ஓடிய ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் வருவது. அதில் கேப்டன் பிக்கார்டாக நடித்தவர் பாட்ரிக் ஸ்டூவர்ட். நிதானமானவர், படித்தவர், எதற்கும் குரல் உயர்த்தாதவர். அவரை ‘போர்க்’ என்ற கூட்டம் பிடித்துக்கொண்டு போகிறது. யாரைப் பிடித்தாலும் உடம்பில் இயந்திரங்களைச் சொருகி, தங்களில் ஒருவராக மாற்றிவிடுவது அவர்கள் வழக்கம். பிக்கார்டையும் மாற்றுகிறார்கள். அவருடைய அறிவை வைத்தே அவருடைய ஆட்களைத் தாக்க வருகிறார்கள். வேறு வழியில்லாமல், அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் ரைக்கர் சுடச் சொல்கிறார். ‘தொடரும்.’ 1990 ஜூனில் இப்படி நிறுத்தியவர்கள், மிச்சத்தைக் காட்டியது செப்டம்பரில்.

முதல் பாகத்தில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இரண்டாம் பாகம்தான் பிரச்னை. 39 கப்பல்கள் அழிந்துபோகின்றன. அந்தச் சண்டையை நமக்குக் காட்டுவதில்லை. முடிந்த பிறகு மிதக்கும் இரும்புத் துண்டுகளைத்தான் காட்டுகிறார்கள். அப்புறம் பிக்கார்டை மீட்டு, அவர் மூலமாகவே போர்க் கூட்டத்தின் மூளைக்குள் புகுந்து, ‘தூங்கு’ என்று கட்டளை கொடுக்கிறார்கள். எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். எதிரிக் கப்பல் தானாக வெடிக்கிறது. மூன்று மாதம் காக்க வைத்தது ஒரு தாலாட்டுக்கா?

ஆனால் கடைசியில் ஒரு காட்சி உண்டு. எல்லாம் சரியாகிவிட்டது என்று மற்றவர்கள் நகர்ந்த பிறகு, பிக்கார்ட் மட்டும் தனியாக நின்று ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார். அந்தப் பார்வையிலிருந்து பிறந்ததுதான் அடுத்த வாரம், 1990 அக்டோபர் 1-ல் வந்த ‘ஃபேமிலி’. அக்கா மகன் லிஸ்ட்டில் அது இல்லை.

முதல்முறை பார்த்தபோது நானும் அதைப் பாதியில் விட்டவன்தான். கப்பல் ரிப்பேரில் நிற்கிறது. வில்லன் இல்லை, ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அந்தத் தொடரிலேயே கப்பலின் கட்டுப்பாட்டு அறையை ஒருமுறைகூடக் காட்டாத எபிசோட் இது ஒன்றுதான். ரொனால்ட் டி. மூர் எழுதியது.

பிக்கார்ட் பிரான்சில் இருக்கும் சொந்த ஊருக்குப் போகிறார். திராட்சைத் தோட்டம், அண்ணன் ராபர்ட், அண்ணி, தம்பி மேல் ஆசையாக இருக்கும் சின்னப் பையன். ராபர்ட் பழைய காலத்து ஆள். ஊரை விட்டுப் போய்ப் பெரிய ஆளான தம்பி மேல் அவருக்குப் பல வருடக் கடுப்பு. சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொரு வார்த்தையும் முள். கடைசியில் தோட்டத்துச் சேற்றில் இரண்டு பேரும் கட்டிப்புரண்டு அடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் சிரிக்கிறார்கள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியாது, பிக்கார்ட் உடைந்து அழுகிறார். தடுக்கத் தன்னால் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை என்று அழுகிறார். அண்ணன் தட்டிக்கொடுத்து ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்வதில்லை. இது ரொம்ப நாள் உன்னோடுதான் இருக்கப்போகிறது, நீ கடலுக்கடியில் போனாலும் நட்சத்திரங்களுக்குப் போனாலும் கூடவே வரும் என்கிற மாதிரி பேசுகிறார்.

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து வீட்டுக்கு வந்த மாதத்தில்தான் இதை முழுதாகப் பார்த்தேன். தினமும் யாராவது சாத்துக்குடிப் பையோடு வந்து, ‘‘கண்டம் தாண்டிட்டீங்க’’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பாவும் சிரிப்பார். ராத்திரி 2 மணிக்கு எழுந்தால் ஈஸிசேரில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ‘‘தூக்கம் வரலையாப்பா?’’ என்றால், ‘‘ஒண்ணுமில்ல, நீ போய்ப் படு’’ என்பார். நானும் போய்ப் படுத்துவிடுவேன். டாக்டர் நல்லாயிடுச்சு என்று சொன்ன பிறகு இன்னும் என்ன என்றுதான் நினைத்தேன். சேற்றில் பிக்கார்ட் அழுததைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி, நான் போய்ப் படுக்கவில்லை. பக்கத்தில் ஒரு சேர் போட்டுக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. விடியற்காலையில் அவரே காபி கேட்டார்.

இதே எபிசோடில் போர்வீரன் வோர்ஃபைப் பார்க்க, அவரை எடுத்து வளர்த்த அம்மா அப்பா கப்பலுக்கு வருவார்கள். ஊரிலிருந்து வந்த அப்பா நம் ஆபீஸில் எல்லோரிடமும் பேச ஆரம்பித்தால் நெளிவோமே, அந்த முரட்டு ஆள் அப்படி நெளிவார். அதற்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

லிஸ்ட்டில் ‘தி இன்னர் லைட்’ இருந்தது. அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். பிக்கார்ட் மயங்கிக் கிடக்கும் 25 நிமிடத்துக்குள், என்றோ அழிந்துபோன ஒரு கிரகத்து மனிதராக முழு ஆயுளையும் வாழ்ந்துவிடுவார். கையில் மிஞ்சுவது ஒரு புல்லாங்குழல். ஹியூகோ விருது வாங்கிய எபிசோட். எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் புல்லாங்குழல் அப்புறம் என்ன ஆனது? 1993-ல் ‘லெஸன்ஸ்’ என்று ஒன்று வந்தது. கப்பலுக்குப் புதிதாக வந்த ஒரு விஞ்ஞானியோடு சேர்ந்து பிக்கார்ட் அதை வாசிக்கிறார், அது எங்கிருந்து வந்தது என்று அவரிடம் மனம் திறக்கிறார். பிறகு அதே பெண்ணை ஆபத்தான வேலைக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம். அவர் உயிரோடு திரும்பிவிடுகிறார். ஆனால், இன்னொரு முறை அப்படி அனுப்பத் தன்னால் முடியாது என்று கேப்டனுக்குப் புரிந்துவிடுகிறது. பெரிய சோகப் பாட்டெல்லாம் இல்லாமல் பிரிகிறார்கள்.

அதனால் டிரிபிள்ஸை எடுத்துவிட்டு ‘ஃபேமிலி’யையும், இன்னர் லைட்டுக்குக் கீழே ‘லெஸன்ஸை’யும் சேர்த்து லிஸ்ட்டைத் திருப்பி அனுப்பினேன். பத்து பதினொன்றானதற்கு முதலில் முனகினான். நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது: ‘‘மாமா, அந்த அண்ணன் கேரக்டர் செம. கடைசில ஒரு ஒயின் பாட்டில் குடுத்து, தனியா குடிக்காதேன்னு சொல்றாரே! அவரும் அந்தச் சின்னப் பையனும் மறுபடி எப்ப வருவாங்க?’’

1994-ல் வந்த ‘ஜெனரேஷன்ஸ்’ படத்தில், அந்த அண்ணனும் பையனும் தீ விபத்தில் இறந்துவிட்டதாக பிக்கார்டுக்குத் தகவல் வரும். இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் கண்ணில் இந்தப் பக்கம் பட்டுவிடாமல் இருக்க வேண்டும்.