குற்றக் கூண்டில் மட்டும் பெரியவனா?

16 வயதுச் சிறுவன் வாக்குச்சாவடி சென்றால், "வயது வரவில்லை" என்று விரட்டுகிறது சட்டம். பத்திரத்தில் ஒப்பமிட்டால், செல்லாது என்கிறது. அவன்மீது கொடுங்குற்றப் பழி விழட்டும், "வாரும் பெரியவரே!" என்று கூண்டைத் திறக்கிறது!

2012இல் டில்லியில் நடந்த கொடுமை கண்டு நாடு கொதித்தது, நியாயமான கொதிப்பு. குற்றவாளிகளுள் 18 நிரம்பாதவனும் ஒருவன். ஆயினும் வயது வரம்பைக் குறைக்காதீர் என்றது 2013இல் வர்மா குழு. கேட்டார்களா? 2015இல் பிறந்தது புதிய சிறார் நீதிச் சட்டம்.

அதன் 15ஆம் பிரிவைப் படியுங்கள், தோழர்களே! 7 ஆண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டவன் 16 வயது நிரம்பியவனாயின், அதைச் செய்யும் மனவலிமை அவனுக்கு உண்டா, விளைவை உணரும் திறன் உண்டா, எந்தச் சூழ்நிலையில் செய்ததாகச் சொல்கிறார்கள் என்றெல்லாம் சிறார் நீதி வாரியம் 3 மாதத்துக்குள் கணிக்க வேண்டுமாம். அந்தக் கணிப்பை வைத்தே அவனைப் பெரியவனாக விசாரிக்க அனுப்பலாமாம்.

கணிப்பு! கைரேகைக்காரன் தோற்றான். செய்தானா என்ற விசாரணையே தொடங்கவில்லை. செய்யாத சிறுவன் சூழ்நிலைக்கு எங்கே போவான்? அன்றைய மனத்தை இன்று அளக்க எந்தக் கடையில் படி விற்கிறது?

குற்றவாளியைக் கொஞ்சச் சொல்லவில்லை நாம். வாரியமே விசாரிக்கட்டும், சீர்திருத்த இல்லத்தில் வைத்துத் திருத்தட்டும். 15ஆம் பிரிவு ஒழியட்டும்!