மருந்துக்கு மசியாத நெற்சப்பி

மாத்தளை மாவட்டம், கலேவெல பக்கம் வயல் செய்யும் நண்பர் ஒருவர் மருந்துக் கடையைத் திட்டித் தீர்த்தார்: "கலப்பட மருந்து. நெற்சப்பி சாகவேயில்லை." அப்படியும் இருக்கலாம். ஆனால் புரோபனிலுக்குச் சாகாத நெற்சப்பி இலங்கையில் 1990களிலேயே பதிவாகிவிட்டது. 2021இல் இரசாயனத் தடை வந்தபோது அரசியல் பேசினோம், இதைப் பேசவில்லை.

நெற்பயிர் புரோபனிலைத் தன்னிடமுள்ள நொதியத்தால் சிதைத்துத் தப்புகிறது. அதே நொதியம் மிகுந்த ஓரிரு நெற்சப்பிகளும் தப்பி விதை கொட்டும். போகத்துக்குப் போகம் ஒரே மருந்தென்றால், வயலில் மிஞ்சுவது அவற்றின் வாரிசுகளே. அளவைக் கூட்டினால் கடனும், டாங்கி சுமப்பவரின் உடலில் படும் நஞ்சுந்தான் கூடும்.

வன்னியில் மீளக்குடியேறி, கடனில் விதைக்கும் நம்மவர்களுக்கும் இதையே சொல்வேன். மருந்துக்குப் பிறகும் நிற்கும் புல்லை, விதை கொட்டுமுன் கையால் பிடுங்குங்கள். அடுத்த போகத்துக்கு மருந்தை மாற்றுங்கள். போத்தலில் பெயர் மாறினால் போதாது, உள்ளிருக்கும் இரசாயனம் மாறியிருக்க வேண்டும்.